இரயில் சோறும் நம்மவர் நாவும்

ஹைதராபாத்துக்குக் கடல் இல்லை. ஆகவே கப்பல் விருந்தைப் பற்றி வாதிட நமக்கு வாய்ப்பில்லை. இரயில் சோறே நமக்குப் பேச்சு. 1907-இல் எழுந்த நாம்பள்ளி நிலையத்தில் ஏறினால், காஜிப்பேட்டை, விஜயவாடா, நெல்லூர், கூடூர் வழியே சென்னை ஏறத்தாழ 800 கிலோமீட்டர். ஓர் இரவுப் பயணம்.

வண்டியில் வரும் உணவைப் பற்றி நம்மவர் கருத்து ஒன்றன்று. பெரியவர்கள் காரம் மிகுதி என்பர்; இளைஞர்கள் ஆறிப்போயிற்று என்பர்; குழந்தைகளோ பிரியாணியைக் கண்டால் குறையே சொல்லார். ஆயினும், குறை கூறும் நம்முள் பலர் அதை உண்பதில்லை. மடியில்தான் புளியோதரையும் தயிர்சாதமும் இருக்கின்றனவே! கட்டிக் கொடுக்க ஆளின்றி, தனியே வந்து பணிபுரியும் பிள்ளைகளே அவ்வுணவை நம்பி வண்டி ஏறுகின்றனர். அவர்கள் நாவின் தீர்ப்பே தீர்ப்பு.

முணுமுணுப்பினால் சமையல் திருந்தாது. வாங்கும் உணவுக்கு ரசீது கேட்போம். கெட்டிருந்தால், இறங்கும்வரை காத்திராமல், 139 என்னும் இரயில்வே உதவி எண்ணில் அப்போதே முறையிடுவோம், அருகிலிருப்பவருக்காகவும் முறையிடுவோம். கட்டுச்சோற்றில் ஒரு பொட்டலம் கூடுதலாகவும் எடுத்துச் செல்வோம்.