முட்டை மிதக்குமா?

பணி ஓய்வுக்குப் பிறகு புதுச்சேரியை விட்டு மகனோடு வள்ளூருக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. அவன் மீஞ்சூரில் ரயில் ஏறி கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போய் வருகிறான். சாயங்காலம் பேத்தியைப் பார்த்துக்கொள்வது என் டியூட்டி. அவளோடு தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்துவிடுவார்கள். செல்போனைப் பிடுங்கினால் பதிலுக்கு வேறு ஏதாவது கையில் கொடுக்க வேண்டுமே! அப்படித்தான் அடுப்பங்கரைச் சாமான்களை வைத்து இந்தச் சோதனைகள் ஆரம்பித்தன.

அந்தக் கூட்டத்தில் ஒரு பீகார் பையன். ஏழு வயது. அப்பா ஒப்பந்தத் தொழிலாளி. பள்ளிக்கூடத்தில் வாயே திறப்பதில்லையாம். பையன் மந்தம் என்று யாரோ சொன்னதாக அவன் அம்மா வருத்தப்பட்டார். எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் தமிழ், வகுப்பில் பிரெஞ்சு என்று வளர்ந்தவன் நான். விடை தெரிந்தும் சொல்ல வார்த்தை இல்லாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த நாளில் எங்களுக்கு 'லெசோன் த ஷோஸ்' என்று ஒரு பாடம் உண்டு. பொருட்பாடம் என்று சொல்லலாம். மாஸ்டர் ஓர் இலையையோ சுண்ணாம்புக் கட்டியையோ மேசைமேல் வைப்பார். தொடுவது அவர் மட்டும்தான், நாங்கள் எழுதிக்கொள்வோம்.

முதல் நாள் இரண்டு டம்ளர் தண்ணீர், ஒரு முட்டை, கொஞ்சம் கல்லுப்பு. முட்டை மிதக்குமா, மூழ்குமா? வாயால் சொல்ல வேண்டாம், ஆளுக்கொரு புளியங்கொட்டையை இந்தத் தட்டிலோ அந்தத் தட்டிலோ போடுங்கள் என்றேன். பையன் 'மூழ்கும்' தட்டில் போட்டான். மூழ்கியது. இரண்டாவது டம்ளரில் அவன்தான் உப்பைப் போட்டுக் கலக்கினான். ஒரு ஸ்பூன், இரண்டு ஸ்பூன்... ஐந்தாவது ஸ்பூன் கரைந்தபோது முட்டை மெல்ல எழும்பி மேலே வந்தது. "ஊப்பர் ஆயா, தாதாஜி!" என்று கத்தினான். "மேலே வந்துச்சு" என்றாள் பேத்தி. அவனும் "மேலே வந்துச்சு" என்றான்.

உப்பு கரைந்த தண்ணீர் கனம் கூடுகிறது, முட்டையைத் தாங்குகிறது, அவ்வளவுதான். ஆனால் இதை வெறும் விளையாட்டு என்று நினைக்காதீர்கள். விதைநெல் தேர்வு செய்ய வேளாண்துறையினர் சொல்லித்தரும் முறையே இதுதான். முட்டை 25 காசு அளவுக்கு வெளியே தெரியும்வரை தண்ணீரில் உப்பைக் கரைத்து, அதில் விதையைக் கொட்டினால் பதர் மிதக்கும். அடியில் தங்கிய நல்ல விதையை நல்ல தண்ணீரில் அலசி எடுக்க வேண்டும். பொன்னேரிப் பக்கத்து வாசகர்கள் சிலர் செய்தே பார்த்திருப்பீர்கள்.

எங்களுக்குத் தொடக் கொடுக்காத பிரான்சே பிறகு மாறிக்கொண்டது. 1992-இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜார்ஜ் ஷர்பாக், 1996-இல் அங்கே தொடக்கப் பள்ளிகளுக்காக 'லா மேன் அ லா பாத்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். 'மாவில் கை' என்று பொருள். இறங்கி வேலை செய்வது என்பதற்கான வழக்கு. பிள்ளையே ஊகிக்க வேண்டும், செய்து பார்க்க வேண்டும், தன் நோட்டில் தானே எழுத வேண்டும். நம் ஊரில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழ் அதற்கு முன்பே இந்த வழியில் போய்க்கொண்டிருந்தது. அரசும் 2022-இல் ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக 'வானவில் மன்றம்' ஆரம்பித்தது. எனக்கென்னவோ இதையெல்லாம் இன்னும் சின்ன வகுப்பிலேயே தொடங்கலாம் என்று தோன்றுகிறது.

மறுவாரம் மஞ்சள். தாளில் மஞ்சளைக் குழைத்துப் பூசிக் காயவைத்து, சோப்புத் தண்ணீரைத் தொட்டு எழுதினால் எழுத்து சிவப்பாக வரும். எலுமிச்சைச் சாறு பட்டால் மறுபடி மஞ்சள். பார்த்துக்கொண்டிருந்த பையனின் அம்மா, புடவையில் பட்ட மஞ்சள் கறை சோப்பு போட்டதும் சிவப்பதைச் சைகையாலேயே காட்டிச் சிரித்தார்.

போன ஞாயிறு பையன் தானாகவே ஒரு பாட்டிலோடு வந்தான். அவர்கள் குடியிருக்கும் வரிசை வீட்டு போர் தண்ணீர். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடிக்குள் கடல்நீர் புகுந்த கதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "தாதாஜி, இது உப்பு. முட்டை மேலே வரும்" என்றான், முழுசாகத் தமிழில். புளியங்கொட்டையையும் போட்டுவிட்டான். முட்டை மூழ்கிவிட்டது. கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்தான். "இந்த உப்பு பத்தாது. கடல்?" என்றான்.

வருகிற ஞாயிறு அவன் அப்பா பழவேற்காட்டிலிருந்து ஒரு பாட்டில் கடல் தண்ணீர் கொண்டுவருகிறார். என்ன ஆகும் என்று அவனிடம் நான் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்லப்போவதில்லை.