நாண்டக்கெட் தீவில் ஓர் இரவு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலக் கரைக்குத் தெற்கே, ஏறத்தாழ 30 மைல் தொலைவில், கடல் நடுவே தனித்துக் கிடக்கிறது நாண்டக்கெட் தீவு. மணல், புதர்க்காடு, மூடுபனி இவையன்றி இயற்கை அதற்கு வேறு பெருஞ்சொத்து எதையும் வழங்கவில்லை. பனியில் அடிக்கடி மறைந்துவிடுவதால் மாலுமிகள் அதைச் ‘சாம்பல் நிறச் சீமாட்டி’ என்று அழைத்தனர். எனினும் இன்று அந்நாட்டின் பெருஞ்செல்வர்கள் கோடைக்கு நாடிவரும் ஊர்களுள் இது முன்வரிசையில் நிற்கிறது.

செப்டம்பர் இறுதியில் ஒருநாள், நானும் என் துணைவியாரும் நண்பர் ஒருவர் தந்துதவிய பாய்மரப் படகில் ஹையானிஸ் துறையை விட்டுப் புறப்பட்டு, ஆறு மணி நேரத்தில் இத்தீவின் துறைமுக வாயிலை அடைந்தோம். பிரான்ட் முனைக் கலங்கரை விளக்கம் எங்களை வரவேற்றது. 1746-இல் முதன்முதல் விளக்கு ஏற்றப்பட்ட இடம் அது. இப்போதுள்ள மரக் கோபுரம் 1901-இல் எழுந்தது. உயரம் 26 அடியே. நம் ஊர்த் தென்னைமரம் அதைக் குனிந்து பார்க்கும்! மிதவையில் படகைப் பிணைத்துவிட்டுச் சிறு தோணியில் கரையேறினோம்.

எங்கள் படகு எளிதாய்க் கடந்த அந்த வாயிலே ஒரு காலத்தில் ஊரின் கழுத்தை நெரித்தது என்றால் வியப்பாக இல்லையா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் திமிங்கில வேட்டையின் தலைநகரம் இதுவே. பல நாட்டு வீடுகளிலும் வீதிகளிலும் எரிந்த விளக்குகளுக்கு எண்ணெய் இங்கிருந்து சென்றது. திமிங்கிலங்களைத் தேடிக் கப்பல்கள் பசிபிக் பெருங்கடல் வரை போயின. பாரம் ஏறிய பெருங்கப்பல்களோ வாயிலில் கிடந்த மணல்திட்டைத் தாண்ட இயலாது தவித்தன. 1842-இல் ஒரு சூழ்ச்சி கண்டனர். நீர் நிரப்பி அமிழ்த்திய இரு மிதவைக் கூடுகளுக்கிடையே கப்பலைச் சங்கிலியால் கட்டி, கூடுகளிலிருந்த நீரை இறைத்துவிட்டால், அவை கப்பலையும் தூக்கிக்கொண்டு மேலெழும். ‘ஒட்டகங்கள்’ என்பது அவற்றின் பெயர்.

ஒரு பயணத்துக்கு மூன்று ஆண்டு, நான்கு ஆண்டு ஆகும். அவ்வளவு காலமும் வீடு, வாணிகம், கணக்கு, பிள்ளைகள் அனைத்தும் பெண்களின் பொறுப்பு. சென்டர் தெருவில் பெண்களே கடை நடத்திய பகுதியைப் ‘பாவாடை வரிசை’ என்று வேடிக்கையாய் அழைத்தார்கள். கூரைகளின் உச்சியில் காணும் மரமேடைகளில் நின்று மனைவியர் கப்பலை எதிர்நோக்கினர் என்பது கதை. புகைபோக்கியில் தீப்பிடித்தால் மணல் கொட்டுவதற்கே அவை அமைந்தன என்பாரும் உண்டு. “இரண்டும் உண்மையாய் இருக்கலாமே! தீயை அணைக்க ஏறியவள் கடலைப் பாராமலா இறங்குவாள்?” என்றார் என் துணைவியார். மறுமொழி எனக்குத் தோன்றவில்லை.

திரும்பாதவர்களும் பலர். 1820 நவம்பரில் எசெக்ஸ் என்னும் கப்பலைப் பசிபிக் கடலில் ஒரு திமிங்கிலம் மோதி மூழ்கடித்தது. இருபது பேரில் எட்டுப் பேரே உயிர் பிழைத்தனர். அதன் தலைவர் ஜார்ஜ் பொல்லார்ட் பிற்காலத்தில் இவ்வூரின் இரவுக் காவலராய்த் தெருக்களைச் சுற்றி வந்தார்.

1846 ஜூலையில் நேர்ந்த தீ விபத்தில் நகரின் மூன்றிலொரு பகுதி அழிந்தது. கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்ததென்ற செய்தி இளைஞர்களை இழுத்துக்கொண்டது. 1859-இல் பென்சில்வேனியாவில் மண்ணுக்கடியிலிருந்து எண்ணெய் கிடைத்தது. 1869-இல் இறுதி வேட்டைக்கப்பல் புறப்பட்டுப் போயிற்று. பின்னர் நெடுங்கால வறுமை. பழைய வீட்டை இடித்துப் புதிது கட்டக் காசில்லாமையால், பழைய வீடுகள் அப்படியே நின்றன. இன்று செல்வரை ஈர்ப்பது அவ்வறுமை காத்துவைத்த அழகே! உருளைக்கல் பதித்த முதன்மைத் தெருவில், ஜோசப் ஸ்டார்பக் என்ற எண்ணெய் வணிகர் தம் மூன்று புதல்வருக்காகக் கட்டிய மூன்று செங்கல் மாளிகைகள் ஒன்றுபோலவே நிற்கின்றன. அண்ணன் தம்பிகளுக்குள் மனத்தாங்கல் வரலாகாதென்று எண்ணினார் போலும்.

பெடரல் தெருவில் தீவின் அன்னை மரியா ஆலயத்தில் சிறிது நேரம் செபித்துவிட்டு, இருட்டிய பின் தெருக்களில் நடந்தோம். சாம்பல் நிற மரவோடு வேய்ந்த வீடுகள் வரிசையாய் நின்றன. பலவற்றில் விளக்கில்லை. “உலகுக்கெல்லாம் விளக்கெண்ணெய் தந்த ஊர் என்றீர்களே?” என்று துணைவியார் கேட்டார். கோடை முடிந்ததும் உரிமையாளர்கள் பூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். நடுத்தரமான ஒரு வீடே முப்பது இலட்சம் டாலரைத் தாண்டுகிறது. 1983-இல் நில வங்கி ஒன்றை நிறுவி, நிலவிற்பனைதோறும் நூற்றுக்கு இரண்டு பங்கு பெற்றுப் புல்வெளிகளையும் கடற்கரைகளையும் பொதுவுடைமையாகக் காத்து வருகிறார்கள். நல்ல செயல்தான். ஆனால் அத்தீவில் உழைப்பவர்க்குக் குடியிருக்க இடம் தேடுவது அதனினும் கடினமாயிருக்கிறது.

மறுநாள் காலை கப்பல்துறையில் தச்சர் ஒருவரைச் சந்தித்தோம். ஐம்பது வயதிருக்கும். மரவோடு மாற்றும் வேலைக்காக விடியுமுன் எழுந்து, ஹையானிஸிலிருந்து விரைவுப்படகில் ஒரு மணி நேரம் பயணம் செய்து வருகிறார். மாலையில் அவ்வாறே திரும்புகிறார். இங்கேயே தங்கலாகாதா என வினவினோம். தாம் பழுதுபார்க்கும் வீட்டில் ஒன்பது படுக்கையறைகள் இருப்பதாகவும், ஜூன் மாதம் வரை அங்கு எவரும் வரப்போவதில்லை என்றும் கூறிச் சிரித்தார். பிறகு கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நகரை நோக்கி நடந்தார்.