பெரியகல்லாற்றுக் கரையில் ஐந்து வாற்று

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை நோக்கித் தெற்கே செல்லும் பெருஞ்சாலையில் 30 கிலோமீற்றருக்கு மேல் சென்றால், களுவாஞ்சிகுடியையும் கோட்டைக்கல்லாற்றையும் அடுத்து வருவது பெரியகல்லாறு. கிழக்கே கடல்; மேற்கே 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் தென்பகுதி. இடையிலுள்ள ஒடுங்கிய மணற்றிட்டில் வீடுகளும் கோவில்களும் தென்னைகளும் நெருங்கி நிற்கின்றன. கிழக்கிலங்கையின் நெய்தல் ஊர்களைப் பற்றி எழுதுவோர் மீனையும் தென்னையையும் எழுதிவிட்டு அமைவர். இவ்வூரின் உப்பு நீர் வானொலி அலைகளுக்குச் செய்யும் உபகாரத்தைப் பற்றி எவரும் எழுதியதாகக் காணேன்.

அமெச்சூர் வானொலி என்பது வணிக நோக்கமின்றித் தனியாள் ஒருவர் தம் வீட்டிலிருந்தே உலகத்தோடு பேசும் கலை. தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு நடத்தும் பரீட்சையில் தேறியவருக்கு உரிமமும், 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக் குறியும் கிடைக்கும். இத்துறையினருக்குப் பெருந்திருவிழா ஒன்று உண்டு. 'சி.கியூ.' என்னும் அமெரிக்கச் சஞ்சிகை 1948இல் தொடக்கிய உலகப் போட்டியே அது. மோர்ஸ் தந்திக்குரிய பகுதி, நவம்பர் மாதத்து இறுதிச் சனி, ஞாயிறுகளில் நடைபெறும். நம் நாட்டு நேரப்படி சனி காலை 5.30க்குத் தொடங்கித் திங்கள் காலை 5.30 வரை 48 மணி நேரம். வேறு கண்டத்தவரோடு தொடர்பு கொண்டால் 3 புள்ளி. அயலிலுள்ள இந்தியரோடு கொண்டால் 1 புள்ளி. ஒவ்வொரு தொடர்பிலும் இருவரும் பரிமாறுவன, கேட்கும் தரத்தைக் குறிக்கும் எண்ணும் உலக வலய எண்ணும். இலங்கை 22ஆம் வலயம். தர எண்களில் 599 என்பது மிகச் சிறந்தது. காதில் விழுந்தும் விழாததுமாய் இருப்பவருக்கும் 599 என்றே அனுப்புவது போட்டிக்காரரின் வழக்கம். திருமண வீட்டில் எல்லாரையும் 'சுகமா?' என்று கேட்பது போன்றதே இதுவும்.

செல்வந்தர் 1500 வாற்று வரை வைத்து முழங்குவர். 5 வாற்றுக்கு மேற்படாதவர்க்கெனத் தனிப் பிரிவு உண்டு. 5 வாற்று என்பது சிறு மின்குமிழ் ஒன்றின் ஆற்றல்தான். அதைக் கொண்டு கண்டம் கடப்பதாவது என்று நகைக்க வேண்டாம். 100 வாற்றை 5 வாற்றாக்கினால் இருபதில் ஒரு பங்காகிறது. ஆயினும் எதிர்முனையில் கருவியின் முள் இரண்டு படி மட்டுமே இறங்கும். அந்த இரண்டு படியையும் ஈடு செய்ய இடம் உதவ வேண்டும். பெரியகல்லாறு உதவுகிறது. உப்பு நீர் சாதாரண நிலத்தைப் போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு மின்னைக் கடத்துவது. அதன் விளிம்பில் செங்குத்தாக ஓர் ஏரியலை நிறுத்தினால், அலைகள் அடிவானத்தை ஒட்டித் தாழ்ந்து சென்று நெடுந்தூரம் எட்டும். வாவி மாரிக்காலத்தில் ஆற்று வெள்ளத்தால் உப்புக் குறைந்துவிடுமாதலால், நவம்பரில் நான் நாடுவது கடற்பக்கத்தை. 14 மெகாஹேர்ட்ஸ் அலைக்கு 5 மீற்றர் கம்பி போதும். அதை ஒரு தூண்டிற்கோலில் கட்டி மணலில் நட்டுவிடலாம்.

கோலைக் கண்டு வள்ளத்தடியில் நின்ற முதியவர் ஒருவர், "என்ன மனே, இந்தத் தூண்டிலுக்கு இரை எங்க?" என்றார்.

"இது காற்றுல பிடிக்கிற தூண்டில், ஐயா" என்றேன்.

"மாரியில இங்கயே மீன்பாடில்ல, அங்க கிடைக்கவா போகுது?" என்று சொல்லிப் போனார்.

அவர் சொன்னது பௌதிக உண்மை. போட்டி வரும் காலம் இங்கே வடகீழ்ப் பருவமழைக் காலம். எங்கோ மின்னும் ஒவ்வொரு மின்னலும் காதில் சடசடவென்று வெடிக்கும். மேலும் புவியின் காந்த நடுக்கோடு நமக்கு அண்மையிற் செல்வதால், பொழுது சாய்ந்தபின் அயன மண்டலம் குமிழி குமிழியாகக் குலையும். வரும் ஒலி நடுங்கித் தேயும். இவற்றோடு சூரியனின் பதினோராண்டுச் சுழற்சி வேறு. 2019 டிசம்பரில் அது தாழ்நிலையை அடைந்திருந்த நாட்களில் உயர் அலைவரிசைகள் சில பகலிலும் ஊமையாய்க் கிடந்தன.

மழையால் ஒரு நன்மையும் உண்டு. காற்று வீசி மின்சாரம் நின்றால் ஊரார் முகம் சுளிப்பர். பற்றரியில் இயங்குபவனோ உள்ளூர மகிழ்வான். வீடுதோறும் மின்விளக்கும் மின்னேற்றியும் எழுப்பும் இரைச்சல் அக்கணமே அடங்கிவிடும். அதுவரை புதைந்திருந்த மெல்லிய குறிகள் ஒவ்வொன்றாய்த் தலைகாட்டும். இவ்விதம் கேட்பது இவ்வாவிக்குப் புதியதன்று. கல்லடிப் பாலத்தருகே நிலாக்காலத்தில் துடுப்பை நீரில் இறக்கி, மறுமுனையில் காதை வைத்துப் 'பாடும் மீன்' கேட்டவர்கள் நம் முன்னோர். 1950களில் யேசு சபைத் துறவியான லாங் அடிகளார் அவ்வொலியைப் பதிவு செய்ய, அது வானொலியிலும் ஒலித்தது.

இதெல்லாம் வெறும் விளையாட்டா என்று மாணவர் சிலர் கேட்பதுண்டு. 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைச் சூறாவளி சிதைத்தது. தென்னந்தோப்புகள் சாய்ந்தன, மின்கம்பங்களும் தொலைபேசிக் கம்பிகளும் வீழ்ந்தன. அந்த ஆண்டின் மோர்ஸ் போட்டி 25ஆந் தேதி தொடங்கியது. உலகம் புள்ளி எண்ணிக்கொண்டிருந்த அந்நேரத்தில் இக்கரை வாய்மூடிக் கிடந்தது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது, இலங்கை வானொலிச் சங்கத்தின் விக்டர் குணதிலக முதலியோர் ஒழுங்கு செய்ய, அம்பாந்தோட்டையிலிருந்து சிற்றலை வழியே செய்திகள் கொழும்பை எட்டின. அதே நாளில் அந்தமானின் போர்ட் பிளேயரில், தொலைதூரத் தொடர்புக்கென்று சென்றிருந்த பாரதி பிரசாத் தம் கருவியை அவசரச் செய்திக்குத் திருப்பினார். மின்சாரமற்ற இடத்தில், பற்றரியோடு, இரைச்சலினூடே ஒரு பெயரைப் பிழையின்றி வாங்கும் பழக்கம் ஒரே நாளில் வருவதன்று.

ஞாயிறு மாலை, ஐரோப்பா நன்கு கேட்கும் வேளை. மழை தூறிக்கொண்டிருந்தது. பின்லாந்து நிலையம் ஒன்றை அழைத்தேன். என் குறியின் முதலிரண்டு எழுத்துகளை அனுப்பிக் கேள்விக்குறி இட்டார். திரும்ப அனுப்பினேன். மூன்றாவது எழுத்தோடு மறுபடியும் கேள்விக்குறி. வேறொருவர் இடையில் அலற, அவரை நிறுத்திவிட்டு என்னையே அழைத்தார். இடியொன்று விழுங்கியது. ஐந்தாம் முறை குறி முழுவதும் சரியாகத் திரும்பி வந்தது. அதனையடுத்து, சற்றும் தயங்காமல், என் ஒலிக்கு அவர் தந்த தர எண்: 599.