மழைக்காட்டில் ஒரு நடை
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

விளையாட்டு என்றால் அதில் வெற்றி உண்டு, தோல்வி உண்டு, இரண்டுக்கும் நடுவே போட்டி உண்டு. சடுகுடு முதல் சதுரங்கம் வரை நாம் அறிந்த இலக்கணம் இதுதான். இந்த மூன்றும் இல்லாத ஒரு விளையாட்டைச் சென்ற ஆண்டு நான் ஆடினேன். அது எனக்குக் கற்பித்த பாடத்தை நம் கல்லூரி மலரில் நண்பர்களோடும் பேராசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

என் ஊர் ஜலகண்டாபுரம். பெயரின் தொடக்கத்திலேயே 'ஜலம்' இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டுக் குடத்தில் அது எப்போதும் இருப்பதில்லை. மேற்கே மேட்டூரில் 1934-இல் கட்டி முடித்த அணை 120 அடி உயரத்துக்குத் தண்ணீரைத் தாங்கி நிற்கிறது. எங்கள் தெருவில் கேட்பதோ தண்ணீரின் ஓசை அன்று, தறியின் ஓசை. பிறந்த குழந்தை தாலாட்டுக்கு முன்பே தறிச் சத்தத்தைக் கேட்டுவிடும் ஊர் அது. என் தந்தையார் இருபத்தைந்து ஆண்டுகளாக ஒரு விசைத்தறிப் பட்டறையில் கூலிக்குத் தறி ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான்.

என் மாமா மகன் மேல்நிலைப் பள்ளியில் படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினி, அவர் வேலைக்குப் போனபின் என்னிடம் வந்து சேர்ந்தது. அதில் ஒரு நண்பன் இந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்தான். "இதுல என்னடா செய்யணும்?" என்று கேட்டேன். "ஒண்ணும் செய்ய வேண்டாம், நட" என்றான்.

திரையில் ஒரு காடு விரிகிறது. மழை பெய்துகொண்டே இருக்கிறது. ஒற்றையடிப் பாதை ஒன்று மரங்களுக்கிடையே போகிறது. விசையை அழுத்தினால் நாம் நடக்கிறோம், விட்டால் நிற்கிறோம். துரத்துவார் இல்லை, சுடுவார் இல்லை, மதிப்பெண் இல்லை, நேரக் கணக்கும் இல்லை. இலைகளில் சொட்டும் நீர், எங்கோ கத்தும் தவளை, சுவர்க்கோழி, தூரத்து இடி, ஈர மண்ணில் நம் காலடி. அவ்வளவுதான்.

இத்தகைய விளையாட்டுகளை 'வாக்கிங் சிமுலேட்டர்' என்கிறார்கள். முதலில் இது கேலிப் பெயராகத்தான் வழங்கியது. 'சும்மா நடப்பதும் ஒரு விளையாட்டா?' என்ற ஏளனம் அதில் இருந்தது. இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழக ஆய்வு முயற்சியாக 2008-இல் பிறந்து, 2012-இல் விற்பனைக்கு வந்த 'டியர் எஸ்தர்' இந்த வகைக்கு முன்னோடி. ஆளில்லாத் தீவு ஒன்றில் நடந்துகொண்டே ஒருவரின் துயரக் கதையைக் கேட்பதுதான் அதில் ஆட்டம். 2013-இல் வந்த 'புரோட்டியஸ்' என்பதில் கதைகூட இல்லை. ஒரு தீவும் நான்கு பருவங்களும் மட்டுமே. ஏளனமாக வைத்த பெயரே பின்னர் ஒரு வகையின் பெயராக நிலைத்துவிட்டது.

மனிதனுக்கு மரத்தின் நடுவே மனம் ஆறுகிறது என்பது கவிஞர்களின் கற்பனை மட்டும் அன்று. ஜப்பானிய வனத்துறை 1982-இல் 'காட்டுக் குளியல்' என்னும் பொருள்படும் ஒரு சொல்லை உருவாக்கி, மக்களைக் காட்டில் மெல்ல நடக்கச் சொன்னது. அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்பவர் 1984-இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். பித்தப்பை அறுவை செய்துகொண்ட நோயாளிகளில், சன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர் 23 பேர். செங்கல் சுவரைப் பார்த்தவர் 23 பேர். மரத்தைப் பார்த்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள். அவர்களுக்குக் கடுமையான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது.

இதையெல்லாம் படித்த பெருமிதத்தில், ஓர் ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை மாலை, வாரத்தின் ஒரே விடுமுறை நாளில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த தந்தையாரை அழைத்தேன். "அப்பா, இங்க வாங்க. உங்களைக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். விசையை எப்படி அழுத்துவது என்று காட்டினேன்.

சிறிது தூரம் நடந்தார். "இதுல என்ன பண்ணணும் சாமி?"

"ஒண்ணும் பண்ண வேண்டாங்கப்பா. சும்மா நடக்கணும்."

அவர் சிரித்தார். "அதத்தான நான் தெனமும் பண்றேன்! அதுக்குக் கூலி வேற குடுக்கறாங்க."

நானும் சிரித்தேன். அடுத்து அவர் சொன்னதற்குச் சிரிப்பு வரவில்லை. "மழை பேயுது, ஆனா சத்தத்தக் காணமே. சத்தம் வெக்க மறந்துட்டானா?"

ஒலியைக் கூட்டினேன். "இப்ப?" "இடி கேக்குது. தவள கேக்குது. நடக்கற சத்தம் கேக்குது. மழ கேக்கல." ஹெட்போனை வாங்கி என் காதில் வைத்துப் பார்த்தேன். அடைமழை காதைப் பிளந்தது. சுவர்க்கோழி ஓயாமல் கத்தியது. மீண்டும் அவர் காதில் வைத்தேன். அவர் தலையை ஆட்டினார். "மண் வாசனையும் இல்ல. என்னா மழ இது!" என்று சொல்லிவிட்டுக் கட்டிலுக்குப் போய்விட்டார்.

மண் வாசனை எந்தக் கணிப்பொறியிலும் வராதுதான். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்னும் பொருள் அந்த வாசனைக்கு ஒரு முக்கியக் காரணம். காற்றில் இலட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் மழையின் ஓசை திரையில் இருந்தது. அது என் தந்தையின் காதில் இல்லை.

மறுநாள் கல்லூரிக்கு விடுமுறை. மதியச் சோற்றை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். எத்தனையோ முறை போன இடம்தான். அன்றுதான் கண் திறந்து பார்த்தேன். ஆறு தறிகளுக்கு ஒரே ஆள். ஒன்றில் பாவு இழை அறுந்திருக்கும். ஓடிப் போய் முடி போடுவார். அதற்குள் இன்னொன்றில் தார் தீர்ந்திருக்கும். நாடாவில் புதுத் தார் மாற்ற வேண்டும். பத்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவர் காலடிகளை எண்ணினேன். 210 அடி. பன்னிரண்டு மணி நேர வேலையில் சோற்றுக்கும் தேநீருக்கும் ஒரு மணி போனால் மீதி பதினொரு மணி நேரம். 66 பத்து நிமிடங்கள். 13,860 அடிகள். ஓர் அடி 60 சென்டிமீட்டர் என்றால் எட்டேகால் கிலோமீட்டருக்கு மேல். ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்தால் ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர். இருபத்தைந்து ஆண்டுகளில் 62,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவோ சுமார் 40,000 கிலோமீட்டர். என் தந்தையார் உலகத்தை ஒன்றரை முறை சுற்றியிருக்கிறார். அவர் கண்டதெல்லாம் ஆறு தறிகளும் நான்கு சுவர்களும்.

அந்த நடைக்குப் பின்னணி இசை ஒன்றும் உண்டு. கைப்பேசிச் செயலியில் பார்த்தேன். 97 டெசிபெல் என்று காட்டியது. அது துல்லியமான கருவி அன்று என்பது எனக்குத் தெரியும். ஆனால் அருகில் நின்றவரிடம் கத்திப் பேசியும் அவருக்குக் கேட்கவில்லை என்பதற்குக் கருவி எதற்கு?

ஒலியியல் பாடத்தில் டெசிபெல்லைப் பற்றித் தேர்வுக்காகப் படித்திருக்கிறேன். அன்றிரவு அதை வீட்டுக்காகப் படித்தேன். 85 டெசிபெல் ஓசையை நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது வல்லுநர்கள் பரிந்துரைக்கும் அளவு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் ஓசையின் ஆற்றல் இருமடங்காகிறது. எனவே தாங்கும் நேரம் பாதியாகக் குறைகிறது. 88-க்கு நான்கு மணி. 91-க்கு இரண்டு மணி. 94-க்கு ஒரு மணி. 97-க்கு அரை மணி. என் தந்தையின் வேலை நேரமோ பன்னிரண்டு மணி.

நம் உட்செவியில் மயிரிழை போன்ற நுண்ணிய செல்கள் இருக்கின்றன. இடைவிடாத பேரோசையில் அவை மெல்ல மெல்ல மடிகின்றன. 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான கீச்சொலிகளை உணரும் பகுதிதான் முதலில் பழுதாகிறது. இடி, தவளை, காலடி ஆகியவற்றின் கனத்த ஒலி தப்பித்துக்கொள்ளும். மழையின் மெல்லிய 'ஸ்ஸ்' ஒலியும் சுவர்க்கோழியின் குரலும் போய்விடும். அந்த விளையாட்டு எனக்குத் தெரியாமலே என் தந்தைக்கு ஒரு செவிப் பரிசோதனை நடத்தியிருக்கிறது!

வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் நான் ஒன்று சொல்ல, அவர் வேறொன்று சொல்லும்போதெல்லாம், 'அப்பாவுக்குக் கவனம் இல்லை' என்று எரிச்சல்பட்டிருக்கிறேன். 'படிக்காதவர், புரியவில்லை' என்றுகூட மனத்துக்குள் நினைத்திருக்கிறேன். அவருக்குப் புரியாமல் இல்லை, கேட்கத்தான் இல்லை. என் கல்லூரிக் கட்டணத்தைச் சம்பாதித்த அதே தறிதான் என் குரலில் பாதியை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது.

ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர அவர் இசையவில்லை. "காது என்ன, கண்ணா போச்சு?" என்றார். அம்மாதான் அதட்டி அனுப்பினார். சேலம் அரசு மருத்துவமனையில் பரிசோதித்தார்கள். மருத்துவர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். கிடையாகப் போன கோடு 4,000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளத்தில் விழுந்திருந்தது. மடிந்த செல்கள் மீண்டும் முளைக்காது என்றும், இருப்பதைக் காப்பாற்றலாம் என்றும் சொன்னார். பஞ்சு வைத்தால் போதாது. சத்தத்தைத் தடுக்கவென்றே செய்த காதடைப்பான் வேண்டும் என்றார்.

அதை மாட்டிக்கொள்ளவும் முதலில் மறுத்தார். "தறியோட சத்தம் மாறினாத்தான் கோளாறு தெரியும். காத அடச்சிட்டு எப்படி ஓட்டறது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது; இருபத்தைந்து ஆண்டு அனுபவம் இருந்தது. ஒரு வாரம் போட்டுப் பார்க்கச் சொன்னேன். தறியின் கனத்த அடி அடைப்பானுக்குள்ளும் கேட்கிறது என்று அவரே கண்டுகொண்டார். பட்டறையில் சிலர் கேலி செய்தார்கள். இப்போது அவர்களில் இருவர் விலை கேட்டிருக்கிறார்கள்.

கார்த்திகையில் பருவத் தேர்வு முடிந்ததும் தந்தையாரை உண்மையாகவே காட்டுக்கு அழைத்துச் சென்றேன். தூரம் ஒன்றும் இல்லை, ஏற்காடுதான். சேலத்து மக்கள் தலை நிமிர்ந்தாலே தெரியும் சேர்வராயன் மலை. சுமார் 1,500 மீட்டர் உயரம், இருபது கொண்டை ஊசி வளைவுகள். அவர் அங்கே அதுவரை போனதே இல்லை. பேருந்திலிருந்து இறங்கியபோது தூறல். காப்பித் தோட்டங்களின் ஓரமாக, சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் மெல்ல நடந்தோம். சிறிது தூரம் வரை அவர் வேகமாகவே நடந்தார், பழகிய கால்கள். பிறகு நின்று சுற்றிலும் பார்த்தார். "இங்க முடி போட ஒண்ணும் அறுந்து கெடக்கலியே" என்றார். அதன்பின் அவர் நடை தளர்ந்தது. என் தந்தை அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

மழை வலுத்தது. குடையை விரித்தார். சட்டென்று அவர் முகம் மாறியது. குடையைக் காதருகே சாய்த்துக்கொண்டு, "டேய், கேக்குதுடா!" என்றார். இலையில் விழும் மழையின் மெல்லொலி அவருக்கு எட்டவில்லை. ஆனால் இழுத்துக் கட்டிய குடைத்துணி ஒரு சிறு பறைபோல் அதிர்ந்து, பெரிய துளிகளைக் கனத்த ஒலியாக மாற்றிக் கொடுத்தது. இயற்பியல் மாணவனான எனக்கு அது விளங்கியது. ஆனால் அப்போது விளக்கம் சொல்லத் தோன்றவில்லை. மழை விடும் வரை இருவரும் ஒரே குடைக்குள் நின்றோம்.

வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து மழையைத்தான் வைத்தார். அந்த மழையின் குரல் கேட்காமலே எத்தனை தறிக்கார வீடுகள் நம் மாவட்டத்தில் இருக்கின்றன! நம் வகுப்புகளில் தறிக்காரர் பிள்ளைகள் பலர் இருக்கிறோம். நண்பர்களே, இன்று மாலை வீட்டுக்குப் போனதும், உங்கள் தந்தையார் பார்க்காதபோது அவர் பின்னால் நின்று மெல்லிய குரலில் ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். அவர் திரும்பவில்லை என்றால் கோபப்படாதீர்கள். மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அந்த விளையாட்டு இன்னும் என் மடிக்கணினியில் இருக்கிறது. எப்போதாவது திறந்து நடக்கிறேன். இப்போதெல்லாம் ஒலியை முழுதாகக் குறைத்துவிட்டும் சில நிமிடம் நடந்து பார்க்கிறேன். ஓசையில்லாத அந்த மழைக்குள்தான் என் தந்தையார் வெகுகாலம் தனியாக நடந்திருக்கிறார்.