ஒரு டி.எம்.சி.ன்னா எத்தனை நாள்?

தண்ணியைப் பத்தி பேப்பர்ல எந்தச் செய்தி வந்தாலும் டி.எம்.சி. கணக்குலதான் வரும். நாமளும் "ஓஹோ"ன்னு தலையாட்டிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிடுவோம். எஞ்சினியரிங் படிச்ச நானும் அப்படித்தான் :-) போன வாரம் ஆபீஸ்ல ஒரு பில்ட் ஓடி முடியறதுக்குள்ள, இதை நாள் கணக்கா மாத்திப் பார்த்தேன். அதோட விளைவுதான் இந்தப் பதிவு.

ஒரு டி.எம்.சி.ங்கறது நூறு கோடி கனஅடி. லிட்டர்ல சொன்னா சுமார் 2,832 கோடி. சென்னைக்கு ஒரு நாளைக்கு நூறு கோடி லிட்டர் வேணும்னு ஒரு முழு எண்ணா வெச்சுக்குவோம். அப்போ ஒரு டி.எம்.சி. என்பது 28 நாள். அவ்ளோதான்.

இனி எல்லாத்தையும் இந்தக் கண்ணாடி போட்டுப் பாருங்க.

2019 ஜூலையில ஜோலார்பேட்டையிலேர்ந்து ரயில்ல தண்ணி வந்துச்சே, ஞாபகம் இருக்கா? ஐம்பது வேகன், 25 லட்சம் லிட்டர். நம்ம கணக்குப்படி மூணரை நிமிஷம்!

2020 நவம்பர்ல கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கத்தைத் திறந்தாங்க. கும்மிடிப்பூண்டி பக்கம் இருந்த ரெண்டு ஏரிகளைச் சேர்த்து, 380 கோடி ரூபாய் செலவுல கட்டினது. 1944-ல வந்த பூண்டிக்கு அப்புறம் சென்னைக்குன்னே கட்டின புது நீர்த்தேக்கம் இதுதான். கொள்ளளவு அரை டி.எம்.சி. அதாவது 14 நாள்.

இப்போ 2015 டிசம்பருக்குப் போவோம். செம்பரம்பாக்கத்துலேர்ந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்து விட்டாங்க. அந்த வேகத்துல ஒரு நாள் முழுக்க ஓடினா 2.5 டி.எம்.சி. எழுபது நாள் குடிக்க வேண்டிய தண்ணி, ஒரே நாள்ல அடையாறு வழியா, ஜனங்க வீட்டுக்குள்ள எல்லாம் புகுந்து, கடலுக்கு.

"அப்போ பெருசா நாலு ஏரி வெட்டிட வேண்டியதுதானே?"ன்னு உடனே தோணும். எனக்கும் தோணுச்சு. ஆனா சென்னையைச் சுத்தி எல்லாம் சமதரை. மலைக்கு நடுவுல அணை கட்டற மாதிரி ஆழமா தேக்க முடியாது, அகலமாத்தான் தேக்கணும். அகலம்னா யாரோ ஒருத்தரோட நிலம். அகலமா இருந்தா வெயில்ல ஆவியாகறதும் அதிகம்.

அடுத்த சிக்கல் ஐப்பசி மாசம். வெள்ளத்துக்குப் பயந்தா ஏரியைக் காலியா வெச்சிருக்கணும். கோடைக்குப் பயந்தா நிரப்பி வெக்கணும். ரெண்டும் ஒரே ஏரிதான்! எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் திட்டு நிச்சயம்.

சென்னையோட அஞ்சு நீர்த்தேக்கமும் நிரம்பினா மொத்தம் 11.7 டி.எம்.சி. அதாவது சுமார் 330 நாள். கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஓடிடும் போல இருக்கேன்னு சந்தோஷப்படாதீங்க, நிரம்பணுமே! 2019 ஜூன்ல அப்போ இருந்த நாலு ஏரியும் சேர்ந்து ஒரு சதவீதம்கூடத் தேறலை.

எங்க பெரியப்பாவுக்கு காட்டுமன்னார்கோயில் பக்கம் விவசாயம், வீராணம் ஏரிப் பாசனம். போன்ல இந்தக் கணக்கை எல்லாம் பெருமையா எடுத்து விட்டேன். பொறுமையா கேட்டுட்டு, "பத்தாயத்தைப் பெருசா செஞ்சுட்டா நெல்லு தானா வந்து விழுந்துடுமாடா?"ன்னாரு. அதோட விட்டாரா? "நீ அங்க குளிக்கிறது எங்க ஏரித் தண்ணிதானே?"

பதில் சொல்ல முடியலை. சோழர் காலத்து ஏரி, நாற்பதாயிரம் ஏக்கருக்கு மேல பாசனம். கொள்ளிடத்துத் தண்ணி வடவாறு வழியா அங்க வந்து, 2004-லேர்ந்து குழாய்ல சென்னைக்கு வருது, நாளுக்கு 18 கோடி லிட்டர். திட்ட அறிக்கைகள்ல "அதிகரித்து வரும் நகரத் தேவை"ன்னு எழுதறாங்களே, அது வேற யாரும் இல்லை மக்களே. ஊரை விட்டு வந்து, ஓ.எம்.ஆர்.ல வாடகைக்கு வீடு பிடிச்சு, காலையில ஷவரைத் திறக்கற நான்தான். அந்தப் பக்கம் கடைமடை வயல்ல நிக்கிறது எங்க பெரியப்பா.

அதனால இப்போ எந்தத் திட்டத்தைப் பத்திப் படிச்சாலும் மூணு கேள்வி கேட்டுக்கறேன். எத்தனை நாளைக்கு வரும்? யாரோட தண்ணி? யாரோட நிலம்?

இந்த மூணுலயும் நல்லா தேறினது ஒண்ணு உண்டு. கொடுங்கையூர்லயும் கோயம்பேட்டுலயும் கழிவுநீரைச் சுத்தம் பண்ணி தொழிற்சாலைகளுக்கு அனுப்பற ரெண்டு நிலையம், 2019-ல வந்தது. ரெண்டும் முழுசா ஓடினா நாளுக்கு 9 கோடி லிட்டர். வருஷத்துக்கு ஒரு டி.எம்.சி.க்கு மேல! மழை பெய்யணும்னு இல்லை, யார் வயலும் காயவேண்டாம். நாம பாத்ரூம்ல விட்ட அதே தண்ணிதான்.

ஏரியே வேண்டாம்னு சொல்லலை. 2015-ல கடலுக்குப் போனதைப் பிடிக்க இடம் வேணும்தான். ஆனா புதுசா பத்தாயம் செய்யறதுக்கு முன்னாடி, சிந்தினதை அள்ளற வேலை நிறைய பாக்கி இருக்கு.

உங்க ஊர் ஏரிக்கும் இந்த நாள் கணக்கைப் போட்டுப் பாருங்க. எவ்ளோ வருதுன்னு சொல்லுங்க, சேர்த்து ஒரு பட்டியல் போட்டுடலாம்.