'மீள்' என்னும் சிறுசொல்

1990 ஒக்டோபர் மாத இறுதி. கொழும்பில் நான் பணியாற்றிய நாளிதழில் அன்று எனக்கு இரவுக் கடமை. மன்னாரிலிருந்து நேராகச் செய்தி வர வழியில்லாத காலம். கற்பிட்டிக் கரையில் வள்ளங்களில் வந்திறங்கியவர்கள் கூறியவற்றைப் புத்தளத்து நிருபர் தொலைபேசியில் வாசித்தார், நான் எழுதிக்கொண்டேன். வடக்கிலுள்ள முஸ்லிம்கள் யாவரும் குறித்த நாளுக்குள் போய்விட வேண்டும் என்று விடுதலைப் புலிகள் கட்டளையிட்டிருந்தார்கள். 'வெளியேற்றப்பட்டனர்' என்றுதான் நிருபர் சொன்னார். அச்சுக்குப் போன தாளில், என் கையெழுத்தில், 'வெளியேறினர்' என்று இருந்தது.

என்னை யாரும் வற்புறுத்தவில்லை. செய்தி ஆசிரியர் அப்போது மேசையிலேயே இல்லை. வடக்கில் எங்கள் நிருபர்கள் இருக்கிறார்கள், உறவினர்கள் இருக்கிறார்கள், இரு சமூகங்களுக்கிடையே பதற்றத்தைக் கூட்டக்கூடாது என்றெல்லாம் எனக்குள் காரணம் கூறிக்கொண்டேன். அவை முற்றாகப் பொய்யுமல்ல. ஆனால் அந்த வாக்கியத்தில் செய்தவர் மறைந்துபோனார்; பாதிக்கப்பட்டவர்களே செய்தவர்களாகிவிட்டார்கள். ஏதோ திருவிழாவுக்குப் போவதுபோல எழுபத்தையாயிரம் பேரளவில் தாமாகவே புறப்பட்டார்கள் என்று வாசிப்பவர் எண்ண இடமிருந்தது. ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணிநேர அவகாசமே தரப்பட்டது.

அடுத்த ஆண்டு புத்தளம் போனபோது, கிடுகுக் கொட்டில் ஒன்றின் வாசலில் முதியவர் ஒருவர் என் கையிலிருந்த பத்திரிகையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதிலதானே தம்பி நாங்க வெளியேறினமெண்டு போட்டிருந்தீங்க?"

நான் தலையாட்டினேன்.

"நாங்க வெளியேறல்ல. எங்கள வெளியேத்தினாங்க. ரெண்டு எழுத்துக்கு மையில்லாமப் போச்சா?"

அதை எழுதியவன் நானே என்று அவரிடம் சொல்லவில்லை. அவருடைய மகள் பிளேன்ரீ கொண்டுவந்து தந்தாள். குடித்தேன்.

அவர் முசலிக்காரர். மன்னார்த் தீவுக்குத் தெற்கே, பெருநிலத்தின் மேற்குக் கரையோரமாக, அரிப்பு, சிலாவத்துறை, முள்ளிக்குளம், மறிச்சுக்கட்டி என்று வில்பத்துக் காட்டின் எல்லையான மோதரகம் ஆறுவரை நீளும் பிரிவு அது. வெளிநாட்டில் வாழும் வாசகர் பலருக்கு அந்தப் பெயர் புதிதாக இருக்கலாம். ஆனால் நூறாண்டுகளுக்கு முன் உலகின் நகை வணிகர்களுக்கு மறிச்சுக்கட்டி நன்கு தெரிந்த ஊர். முத்துக்குளிப்புக் காலம் வந்தால் வெறும் மணலில் ஒரு நகரமே எழும். கீழக்கரையிலிருந்தும் தொண்டியிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் சுழியோடிகள் வருவார்கள். அவர்களுக்கென்று நீதிமன்றமும் மருத்துவமனையும் சந்தையும் தோன்றும். அள்ளிய சிப்பியில் மூன்றிலொரு பங்கு சுழியோடிகளுக்கு, மிகுதி அரசுக்கு. அரசின் பங்கு மாலையில் ஏலம் போகும். 1906 இல் அங்கே கடமையாற்றிய லெனாட் வூல்ஃப் தமது சுயசரிதையில் அந்நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். பின்னாளில் வர்ஜீனியா வூல்ஃபின் கணவராக அறியப்பட்டவர் அவரே. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டும் 'கடல்கட்டி'களை வெள்ளைக்கார அரசே ஒருகாலத்தில் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது என்பது தனிக்கதை. முத்துக்குளிப்பைப் பார்வையிடுவதற்காக ஆளுநர் நோர்த் அரிப்பில் கட்டிய மாளிகையின் இடிபாடுகளை ஊரவர்கள் அல்லிராணி கோட்டை என்கிறார்கள். ஆங்கிலேயன் கட்டிய வீட்டைக்கூடத் தம் கதைக்குள் சேர்த்துக்கொண்ட கரை அது.

அப்படிப்பட்ட கரையிலிருந்து துரத்தப்பட்டவர்கள் புத்தளத்தில் வந்தேறிகளானார்கள். தொடக்கத்தில் புத்தளத்து மக்கள் செய்ததை மறக்கக்கூடாது. பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டார்கள். தம் உலையில் அரிசியைக் கூட்டிப் போட்டார்கள். ஆனால் விருந்து இருபது ஆண்டுகள் நீடிக்கும் என்று எந்த வீட்டுக்காரன் எதிர்பார்ப்பான்? கூலி குறைந்தது. கிணறுகளில் வரிசை நீண்டது. பாடசாலை அனுமதியிலும் அரச வேலையிலும் 'எங்கட பிள்ளைகளுக்கு உரியது' என்ற பேச்சு எழுந்தது. அங்கேயே பிறந்து அங்கேயே படித்த பிள்ளையும் 'அகதி'தான். தகப்பனின் சொத்துப்போல அந்தச் சொல் மகனுக்கு வந்து சேர்ந்தது.

2002 ஏப்ரலில், கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் சந்திப்பில் முஸ்லிம்களை வெளியேற்றியது பற்றி அன்ரன் பாலசிங்கம் வருத்தம் தெரிவித்தார். சில நாட்களில் பிரபாகரனும் ரவூப் ஹக்கீமும் உடன்படிக்கை ஒன்றில் ஒப்பமிட்டார்கள். ஆயினும் பெருந்தொகையாக ஊர் திரும்ப முடிந்தது 2009 இல் போர் முடிந்த பின்னரே.

திரும்பியவர்களை வரவேற்றது காடு. ஆளில்லாத இரண்டு தசாப்தங்களில் வீட்டு அத்திவாரங்களுக்குள் மரம் வளர்ந்திருந்தது. 2012 இல் இப்பகுதியின் பெரும்பரப்பு ஒதுக்குக்காடு என்று வர்த்தமானியில் வந்தது. 2017 மார்ச்சில் மேலும் விரிந்த பரப்பு மாவில்லு பேணற்காடு எனப் பிரகடனமாயிற்று. கொழும்பில் 'வில்பத்துவைக் காப்போம்' என்ற குரல் ஓங்கியது. பத்திரிகைகளில் மறுபடியும் ஒரு சொல் விளையாடியது. சில ஏடுகள் 'மீள்குடியேற்றம்' என்றன. வேறு சில 'குடியேற்றம்' என்றன. 'மீள்' இருந்தால் அவன் ஊருக்குத் திரும்பியவன். இல்லாவிட்டால் காட்டைப் பிடிக்க வந்தவன். ஓய்வு பெறும் வயதில் இருந்த நான், என்னிடம் வந்த செய்திகளில் 'மீள்' விடுபட்டிருந்தால் சிவப்பு மையால் சேர்த்தேன். ஒப்புநோக்காளர்கள் எனக்குப் பின்னால் சிரித்ததும் தெரியும்.

அதற்காக மறுபக்க நியாயத்தை மறைக்க முடியாது. காடு காடுதான், யானைக்கு எங்கள் அரசியல் தெரியாது. கல்லாறு ஒதுக்குக்காட்டில் மரம் வெட்டிக் குடியமர்த்தியது சட்டவிரோதம் என்று 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே அளவில் மரம் நடும் செலவை முன்னாள் அமைச்சர் ரிஷாத் பதியுதீன் ஏற்கவேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன். சிக்கல் என்னவென்றால், அமைச்சர் செய்த தவறுக்கும் முதியவர் தேடிவந்த வளவுக்கும் செய்தித் தலைப்பில் ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறோம். பக்கத்திலேயே முள்ளிக்குளம் இருக்கிறது. அங்குள்ள கத்தோலிக்கத் தமிழர்கள் 2007 இல் ஊரைவிட்டு அகற்றப்பட்டார்கள். ஊர் கடற்படை முகாமாயிற்று. அவர்கள் வீதியோரம் இருந்து போராடிய பிறகு 2017 ஏப்ரலில் 100 ஏக்கர் விடுவிப்பதாக அறிவிப்பு வந்தது. அவர்களை யாரும் வந்தேறிகள் என்று எழுதவில்லை. தம் ஊரின் வாசலில் அனுமதி கேட்டு நிற்பது மட்டும் இருவருக்கும் பொதுவாயிருந்தது.

அந்த ஆண்டின் நடுப்பகுதியில் முசலிக்குப் போனேன். கொட்டில் வாசலில் என்னிடம் கேள்வி கேட்ட முதியவர் மௌத்தாகிவிட்டார். ஊர் திரும்பி இரண்டே வருடம் இருந்தாராம். மகள் என்னை அடையாளம் கண்டு, "வாப்பாட பேப்பர்க்காரத் தம்பி" என்று தன் மகனுக்கு அறிமுகப்படுத்தினாள். எனக்கு அப்போது அறுபது நெருங்கியிருந்தது.

பையனுக்கு இருபது வயதிருக்கும். அவனுக்கு ஒரு வழக்கு இருந்தது. மன்னார் மாவட்டத்தில் உதைபந்தாட்டம் எப்படி என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். கோயிலுக்கும் பள்ளிக்கும் அடுத்தபடி கழகம்தான். ஊர்க்கழகத்தில் அவனைச் சேர்க்க மறுக்கிறார்களாம். 2010 இல் வந்து, கூடாரத்தில் படுத்து, பாம்புக்கும் யானைக்கும் பயந்து ஊரைத் திருத்தியவர்களின் பிள்ளைகள்தான் கழகத்தை நடத்துகிறார்கள். இவன் படிப்புக்காகப் புத்தளத்தில் தங்கி, போன வருடம்தான் வந்தவன். அவர்கள் கண்ணில் இவன் 'புத்தளத்தான்'.

"அங்க அகதி, இங்க புத்தளத்தான். நான் எந்த ஊர் சேர்?" என்றான்.

அன்று அஸருக்குப் பிறகு கூட்டம். மர நிழலில் பத்துப் பதினைந்து பேர். எனக்கும் ஒரு கதிரை போட்டார்கள். தலைவர் ஒரு பாடசாலை ஆசிரியர், அதிகம் பேசாதவர். முதலில் வந்தவர்கள் பட்ட பாட்டை ஓர் இளைஞன் எழுந்து சொன்னான். அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதற்கு இவனிடம் பதில் இருக்கவில்லை. ஆசிரியர் பதிவுப் புத்தகத்தை விரித்தார். பெயர், பிறந்த திகதி என்ற நிரல்களுக்குப் பக்கத்தில் 'ஊருக்கு வந்த ஆண்டு' என்று ஒரு நிரல்.

"இத ஆர் போட்டது?" என்று கேட்டார்.

யாரும் வாய் திறக்கவில்லை. அவரே சிறிது நேரம் கழித்து, "நான்தான் போட்ட. நிவாரணப் பட்டியலப் பாத்து எழுதினது" என்றார். அடிமட்டம் கேட்டு வாங்கி, அந்த நிரலின் தலைப்பைக் கோடிட்டு அடித்தார். பையனின் பெயரை எழுதும்போது அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டார். எழுந்து பேசிய இளைஞனுக்கு அது பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான்.

மறுநாள் மாலை பயிற்சி ஆட்டம். பையனைப் பந்துகாப்பாளராக நிறுத்தினார்கள். ஆள் கிடைக்காத இடம் அது. முதல் பாதியிலேயே இரண்டு கோல் விட்டான். "டேய் புத்தளத்தான், கைய நீட்டுடா!" என்று மைதானத்தின் நடுவிலிருந்து கத்தியவன், முதல்நாள் எழுந்து போனவன்தான். இவனும் ஏதோ திருப்பிக் கத்தினான். கடற்காற்றில் எனக்குக் கேட்கவில்லை. மன்னார் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால், ஆட்டம் முடியுமுன் எழுந்து வந்துவிட்டேன்.