ஓடிய பிலிமும் உடுத்திய துணியும்

அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட அட்டைகளைச் சேர்ப்பது நூறாண்டைத் தாண்டிய பழக்கம். முதலில் அவை சிகரெட் பெட்டிக்குள் வந்தன. பின்னர் பபிள்கம்மோடு வந்தன. 1990களின் தொடக்கத்தில் கம் விடைபெற்றுக்கொள்ள, அட்டை மட்டும் நிலைத்தது. உறையைப் பிரிக்கும்வரை உள்ளே இருப்பவர் யாரென்று தெரியாது என்பதுதான் அந்த வியாபாரத்தின் உயிர். இவ்வளவும் பெட்டிக்கடை வாசலில் வளர்ந்த எவருக்கும் புரியக்கூடிய கதையே. ஆனால் 1997இல் அப்பர் டெக் என்ற நிறுவனம் பேஸ்பால் அட்டையில் ஒரு புதுக் காரியம் செய்தது. கென் கிரிஃபி ஜூனியர், டோனி க்வின், ரே ஒர்டோன்யெஸ் ஆகிய மூவர் களத்தில் அணிந்த சட்டைகளைப் பெற்று, சிறு சதுரங்களாக வெட்டி, அட்டையின் நடுவில் சன்னல்போல் துளையிட்டுப் பதித்து, எண்ணூறு உறைக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்துவிட்டது. (கார்ப்பந்தயத்தில் தேய்ந்த டயரின் துண்டை அட்டையில் ஒட்டும் வேலையை வேறொரு நிறுவனம் 1996லேயே தொடங்கியிருந்தது.) அதன்பிறகு மட்டை, கையுறை, தொப்பி என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ‘ஆட்டத்தில் பயன்பட்டது’ என்ற தொடர் அந்த உலகில் ஒரு மந்திரமாயிற்று.

நியூ ஜெர்சியில் வாழும் நம் தம்பி, பள்ளி விடுமுறைக்கு மகனை அழைத்துக்கொண்டு அம்பத்தூருக்கு வந்திருந்தபோது இத்தகைய அட்டை ஒன்றைக் கையில் வாங்கிப் பார்க்க வாய்த்தது. பையனுக்குப் பன்னிரண்டு வயது. கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள், சாதாரண அட்டையைவிட மூன்று மடங்கு தடிமனாக, நடுவில் விரல்நகம் அளவுக்குச் சாம்பல் நிறத் துணி. தொடத்தான் அந்தச் சன்னல், ஆனால் தொட்டால் விலை குறைந்துவிடும் என்பதால் உறை. பின்புறத்தில் பொடி எழுத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. இதில் பதித்துள்ள பொருள் குறிப்பிட்ட எந்த ஆட்டத்தையும், நிகழ்ச்சியையும், பருவத்தையும் சேர்ந்தது அன்று என்பது அதன் பொருள்.

இருபதாண்டுகளாக வகுப்பில் உரையாசிரியர்களோடு மல்லுக்கட்டும் பழக்கம் நம்மை விடுமா? அந்த ஒற்றை வாக்கியத்தை மூன்று முறை படித்தோம். பையனே விளக்கினான். ‘ஆட்டத்தில் பயன்பட்டது’ என்றால் மெய்யாகவே களத்தில் வியர்வை பட்டது. ‘ஆட்டக்காரர் அணிந்தது’ என்றால் நிறுவனம் ஏற்பாடு செய்த படப்பிடிப்பில் ஒரு நிமிடம் மாட்டிக் கழற்றியதாகவும் இருக்கலாம். இந்த மூன்றாம் வகைக்கு அந்த உத்தரவாதமும் இல்லை. “பெரியப்பா, இது அவர் ஆடினப்ப போட்டதுன்னு அவங்க சொல்லல. ஆனா பொய்யும் சொல்லல” என்றான். பரிமேலழகர் மெச்சியிருப்பார்.

அன்று மாலை தம்பியும் நாமும் மொட்டைமாடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, பேச்சு தானாகவே பிலிம் துண்டுகளுக்கு வந்து சேர்ந்தது.

1980களின் இறுதியில் அம்பத்தூர் இன்றுபோல் சென்னை மாநகராட்சிக்குள் அடங்கிய பகுதி அன்று. (2011இல்தான் சேர்த்தார்கள்.) சைக்கிள் கம்பெனிச் சங்கு, டன்லப் நிறுத்தம், பாடிப் பக்கம் பேருந்தில் வரும்போது காற்றில் கலந்துவரும் பிரிட்டானியா பிஸ்கட் மணம் என்று, தொழிற்சாலைகளைக் கொண்டே நேரத்தையும் திசையையும் அறிந்த ஊர். எங்கள் தெருப் பையன்களின் தகப்பன்மார் பெரும்பாலும் எஸ்டேட்டில் ஏதாவது ஒரு ஷிப்டில் இருந்தார்கள். பகல் தூக்கம் தூங்கும் அப்பாவை எழுப்பாமல் விளையாட வேண்டும் என்பதே எங்கள் விளையாட்டுகளின் முதல் விதி. பிலிம் சேர்ப்பது சத்தமில்லாத விளையாட்டு.

கடையில் ஓர் அட்டை தொங்கும். அதில் சின்னஞ்சிறு காகித உறைகளைப் பின் அடித்து வைத்திருப்பார்கள். காசு கொடுத்து ஒன்றைப் பிய்த்துக்கொள்ளலாம். உள்ளே இரண்டோ மூன்றோ கட்டம் கொண்ட 35 மில்லிமீட்டர் பிலிம் துண்டு இருக்கும். அதில் ரஜினியும் இருக்கலாம், வெறும் வேப்பமரமும் இருக்கலாம். எழுத்து ஓடும் கட்டம் வந்தால் அழாத குறை. ஒரு ரஜினிக்கு இரண்டு விஜயகாந்த் என்றும், சண்டைக் கட்டமாயின் எவராயினும் ஒன்றுக்கு ஒன்று என்றும் தெருவில் விலை நிலவரம் இருந்தது. கமலுக்கு என்ன விலை என்பதில் கடைசிவரை உடன்பாடு ஏற்படவில்லை. எம்.ஜி.ஆர். மறைந்து அதிக நாளாகாத காலம் ஆதலால் அவர் துண்டை யாரும் மாற்றுக்குக் கொடுப்பதில்லை. அதைப் பெரியவர்கள் வாங்கிப் பர்சில் வைத்துக்கொண்டதும் உண்டு.

படம் காட்டும் கலையைத் தமிழ்நாட்டுச் சிறுவர் எவருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பியூஸ்போன பல்பின் உள்ளுறுப்பை நீக்கி நீர் நிரப்பினால் அதுவே லென்ஸ். செருப்புப் பெட்டியில் ஓட்டை, வாசலில் ஒருவன் பிடிக்கும் முகம்பார்க்கும் கண்ணாடி, இருட்டறையில் அப்பாவின் வேட்டி. துண்டைத் தலைகீழாகச் செருகினால் வேட்டியில் ஆள் நேராக நிற்பார். அசையமாட்டார். மேகம் வந்தால் காட்சி ரத்து.

அந்தத் துண்டுகள் எங்கிருந்து வந்தன என்பது அப்போது எங்களுக்குப் பெரும் ஆராய்ச்சி. ஒரு கட்சி, அவை நம் முருகன் தியேட்டரில் ஓடிய படத்தின் துண்டுகளே என்று சாதித்தது. நாங்கள் பார்த்த அதே படம், எங்கள் கண்முன் ஓடிய அதே பிலிம்! மற்றொரு கட்சி, அவை எங்கோ பட்டணத்தில் மூட்டையாக எடைக்கு வாங்கியவை என்றது. இரண்டுக்கும் இடம் உண்டு என்பது பின்னாளில் தெரிந்தது. படச்சுருள் இயந்திரத்தில் அறுந்தால், ஆபரேட்டர் கிழிந்த கட்டங்களை வெட்டிவிட்டு இரு முனைகளையும் ஒட்டி ஓட்டுவார். வெட்டியவை தரையில் விழும். ஊர் ஊராக ஓடித் தேய்ந்துபோன முழுப் பிரதிகள் எடைக்குப் போகும். இரண்டரை மணி நேரப் படம் ஒன்றில் நொடிக்கு 24 வீதம் 2,16,000 கட்டங்கள் உண்டு. நீளம் 13,500 அடி. மூன்று மூன்றாக வெட்டினால் எழுபத்திரண்டாயிரம் உறைகள். எண்ணூறுக்கு ஒன்று என்ற அமெரிக்கக் கஞ்சத்தனம் எங்கள் கடைக்காரருக்கு வேண்டியிருக்கவில்லை. அவரிடம் எல்லா உறையிலும் நிஜப் பொருளே இருந்தது.

நிஜம் என்பதற்குச் சான்று அதன் உடம்பிலேயே கிடந்தது. ஓரத்துத் துளைகள் சில்லுப்பட்டிருக்கும். நடுவில் நெடுக்காகக் கீறல்கள் இருக்கும். அவைதான் திரையில் மழையாகப் பெய்தவை. சில கட்டங்களின் வலது மேல் மூலையில் ஒரு சிறு வட்டம் இருக்கும். ஒரு ரீல் முடியப்போகிறது, அடுத்த இயந்திரத்தைத் தயார் செய் என்று ஆபரேட்டருக்குச் சொல்லும் குறி அது. அதையறியாத நாங்கள் ‘முத்திரை பிலிம்’ என்று பெயரிட்டு இரட்டை விலை வைத்தோம். துளைகளுக்கும் படத்துக்கும் நடுவே நெளிநெளியாக ஒரு பட்டை ஓடும். அதுதான் ஒலி. ஒளி அதன் ஊடே புகுந்து குரலாக வெளிப்படும் என்று பள்ளி அறிவியல் ஆசிரியர் சொன்ன நாளில், எங்கள் பெட்டியிலிருந்த நடிகர்களெல்லாம் வாய்திறந்து எதையோ சொல்லி நின்றவர்களாகிவிட்டார்கள். ஒரு துண்டுக்கு எட்டில் ஒரு நொடிக் குரல்.

கிரிக்கெட் அட்டைகளும் எங்களுக்கு உண்டு. பிக் ஃபன் பபிள்கம்மோடு ஆட்டக்காரர் படம் வரும், அதில் ஓட்டங்களும் விக்கெட்டுகளும் அச்சிட்டிருக்கும், கூட்டிச் சேர்த்துப் பரிசாக மாற்றலாம். எண்களை ஒப்பிட்டு ஆடும் டிரம்ப் கார்டுகள் வந்தன. 1999 உலகக் கோப்பையின்போது பிரிட்டானியா பிஸ்கட் உறைகளில் ஓட்டங்களை அச்சிட்டது. நூறு சேர்த்தால் ஒரு புத்தகம், அதிர்ஷ்டம் இருந்தால் இங்கிலாந்துப் பயணம். கல்லூரிக்குப் போய்விட்ட பிறகும் உறைகளைக் கத்தரித்துச் சேர்த்தவர்களில் தம்பி ஒருவன். (இங்கிலாந்துக்கு எங்கள் தெருவிலிருந்து எவரும் போகவில்லை.) என்றாலும் அவை படமும் எண்ணும் மட்டுமே. சச்சினின் வியர்வை அவற்றில் இல்லை. அந்த ஆசையையும் ஒரு பதிப்பகம் 2010இல் கிளப்பிவிட்டது. க்ராகன் ஓபஸ் வெளியிடவிருந்த டெண்டுல்கர் நூலின் பத்துப் பிரதிகளில், காகிதக் கூழோடு அவருடைய இரத்தம் கலந்த பக்கம் இருக்கும், விலை 75,000 டாலர் என்று செய்தி வந்தது. அவரே அதை மறுத்தார். நல்லவேளை.

நம்மைத் தொந்தரவு செய்வது வெட்டும் காரியம். 2003இல் டான்ரஸ் நிறுவனம், பேப் ரூத் 1925இல் அணிந்த சட்டை ஒன்றை இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து ஏலத்தில் எடுத்து, ஈராயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகளாக்கி அட்டைகளில் பதித்தது. அவர் அணிந்த சட்டைகளில் எஞ்சியவையே மிகச் சில. அருங்காட்சியகத்தில் ஒருவர் பார்ப்பதைவிட ஈராயிரம் வீடுகளில் இருக்கட்டும் என்பது அவர்கள் வாதம். முற்றிலும் தள்ளக்கூடிய வாதமும் அன்று. புத்தரின் எலும்புகளை எட்டுப் பங்காக்கியதாகவும், அசோகன் அவற்றையே எண்பத்துநாலாயிரமாகப் பகிர்ந்ததாகவும் மரபு சொல்கிறதல்லவா? ஆனால் மணிமேகலையில் வேறொரு வழக்கும் பதிவாகியிருக்கிறது. மணிபல்லவத்துப் புத்த பீடிகைக்கு நாக நாட்டு மன்னர் இருவர் உரிமை கொண்டாடிப் போரிட்டனர். பெயர்க்க முயன்றும் முடியவில்லை. விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. இருந்தும் ஆளுக்குப் பாதியாகப் பிளந்துகொள்ள இருவருக்குமே தோன்றவில்லை. பின்னர் மணிமேகலை வந்து தொழுது தன் முற்பிறப்பை அறிந்தது முழுப் பீடிகையின்முன்.

எங்கள் கடைக்கார உறைகளை இந்தத் தராசில் வைத்தால் கதை சற்றுக் கசக்கத்தான் செய்கிறது. முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) படத்துக்கு இன்று ஒரு பிரதியும் இல்லை. பழைய கறுப்பு வெள்ளைப் பிரதிகள் எத்தனையோ வெள்ளிக்காக உருக்கப்பட்டன. 1964இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கி, பி.கே. நாயர் ஊர் ஊராக அலைந்து சுருள்களைத் திரட்டிய காலத்துக்குள் போனவை போய்விட்டன. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் உள்ளூர ஒரு கணக்கு ஓடும். எங்கள் பெட்டியில் இருந்த மூன்று கட்டம் எந்தப் படத்தின் கடைசிப் பிரதியிலிருந்து வந்ததோ? ஆனால் நாங்கள் வாங்காவிட்டால் அது உலைக்குப் போயிருக்கும். ரூத்தின் சட்டைக்கு அத்தகைய ஆபத்து ஏதும் இல்லை.

அந்தப் பெட்டி இன்னும் இருக்கிறது. ஹார்லிக்ஸ் வாங்கியபோது வந்த தகரப் பெட்டி. அப்பா காலமான பின் பரணை ஒழித்தபோது கிடைத்தது. வண்ணத் துண்டுகள் பெரும்பாலும் செவ்வூதாவாக மங்கிவிட்டன. வண்ணப் பிலிமில் நீலமும் பச்சையும் முதலில் சாகும், சிவப்பு தங்கும். சில துண்டுகளில் புளித்த காடியின் வாடை. எல்லாவற்றுக்கும் மேலே கிடந்தது ஆறு கட்டம் கொண்ட ஒரு நீளத் துண்டு. அது கடையில் வாங்கியதன்று. அப்பா ஒரு நைட் ஷிப்டு முடிந்து வரும்போது, கூட வேலை செய்தவர் ஒருவரிடமிருந்து எங்களிருவருக்குமாகக் கேட்டு வாங்கி வந்தது. அதில் இருப்பவர் பெயர் தெரியாத ஒரு நடிகை. கதவைத் திறக்கிறார். ஆறு கட்டத்தில் கதவு அரை விரற்கடை நகர்கிறது.

பையன் அதை விளக்கில் பிடித்து வெகுநேரம் பார்த்தான். பிறகு, தனக்குப் பாதி கிடைக்குமா என்று கேட்டான். தம்பி கத்தரிக்கோலை எடுக்கவே எழுந்துவிட்டான். மூன்று இங்கே, மூன்று அங்கே, அப்பா இருவருக்குமாகத்தானே கொண்டுவந்தார் என்றான். சட்டப்படி அவன் சொல்வது சரி. நமக்கு மனம் ஒப்பவில்லை. வெட்டினால் கதவு நகராது. அதைச் சொன்னதும் தம்பி சிரித்தான். இப்போது மட்டும் எங்கே நகர்கிறது, ஆறு கட்டமும் கால் நொடி, கண் சிமிட்டினால் தீர்ந்தது என்றான். வாக்குவாதம் இரவுச் சாப்பாடுவரை நீண்டது. வெளிநாட்டில் இருப்பவனுக்கு வீடு, நகை, நிலம் எதிலும் பங்கு கேட்கத் தோன்றியதில்லை. மூன்று கட்டம் பிலிமுக்கு ஐம்பது வயதை நெருங்கும் இருவர் குரல் உயர்த்தினோம். அம்மா மட்டும், “அவர் கொண்டாந்தப்பவே ரெண்டா வெட்டித் தரேன்னாரு. நீங்கதான் ரெண்டு பேரும் வேணான்னு அழுதீங்க” என்றார்.

துண்டு முழுதாகப் பையனிடம் போயிற்று. நியூ ஜெர்சியில் அதற்கொத்த பிளாஸ்டிக் உறை தேடி வாங்கினானாம். ஊர் சேர்ந்த மறுவாரம் அவனிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அட்டைகளின் பின்புறம் உள்ளதுபோல் தன் துண்டுக்கும் ஒரு சான்று வேண்டும், பெரியப்பாதான் எழுதிக் கையொப்பமிட வேண்டும், ‘அம்பத்தூர் முருகன் தியேட்டரில் ஓடியது’ என்று இருந்தால் நன்றாக இருக்கும் என்று எழுதியிருந்தான்.

இப்போது தியேட்டர்களில் படம் வன்தட்டில் வருகிறது. அறுவதில்லை, கீறுவதில்லை, தரையில் எதுவும் விழுவதில்லை. இத்தகைய சான்றை இனி எவரும் எவரிடமும் கேட்கப் போவதில்லை என்பதால், இரண்டு நாள் எடுத்துக்கொண்டு யோசித்தோம். முருகன் தியேட்டர் என்று எழுதக் கை வரவில்லை. எழுதி அனுப்பியது இது: “இந்த ஆறு கட்டங்களும் ஏதோ ஓர் ஊரின் திரையில் ஓடியவை. இடப்புறத்துக் கீறல்கள் அதற்குச் சாட்சி. உன் தாத்தா இதைச் சட்டைப் பையில் வைத்து, எஸ்டேட்டிலிருந்து வீடுவரை சைக்கிளில் கொண்டுவந்தார். அதற்கு நாங்கள் இருவரும் சாட்சி.”

தம்பியும் அதில் கையொப்பமிட்டு, படமெடுத்து அனுப்பியிருந்தான். பிளாஸ்டிக் உறைக்குள் சான்று அடங்காததால் பையன் அதை நான்காக மடித்துப் பின்னால் ஒட்டியிருக்கிறான்.